சிறிய கால்நடைக் கிளினிக் தொடங்குபவர்களுக்கு: விலங்கு வாசலுக்கு வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவும் செய்துகொண்டு, சொந்த ஊரில் கிளினிக் திறக்க வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைக் கண்டறியவும் மருந்து கொடுக்கவும் கல்லூரி நன்றாகவே கற்றுத்தருகிறது. ஆனால் நாளொன்றுக்கு இருபது முப்பது விலங்குகள் வந்துபோகும் இடத்தில் உதவியாளர் கடிபடாமலும், தடுப்பூசி வீணாகாமலும், நாயைக் கொண்டுவந்தவர் குழப்பத்தோடு திரும்பாமலும் பார்த்துக்கொள்வதை நாமாகத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி, அவசரமில்லாத வேளையில் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டியவை.

படி 1: சட்டம் கேட்பவை

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பலர் தள்ளிப்போடுவது மருத்துவக் கழிவு விஷயத்தைத்தான். 2016ஆம் ஆண்டின் விதிகள் கால்நடைக் கிளினிக்குகளுக்கும் பொருந்தும்: திசுக்களும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில், ஊசி நீக்கிய சிரிஞ்சும் டிரிப்ஸ் குழாயும் சிவப்புப் பையில், ஊசிமுனைகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில் சேர வேண்டும். எக்ஸ்ரே கருவி வைப்பதாக இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. கீட்டமின் என்ற மயக்க மருந்தின் குப்பிகளைப் பூட்டிய அலமாரியில் வைத்து, செலவாகும் ஒவ்வொரு மில்லியையும் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள்.

படி 2: உதவியாளருக்கு முதல் ஊசி

வேலைக்குச் சேரும் எவரும், தரை கழுவுபவர் உட்பட, விலங்கைத் தொடுவதற்கு முன் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான செலவு கிளினிக்குடையது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும், முன்பே ஊசி போட்டவருக்கும் கடிபட்ட பிறகு மேலும் இரண்டு தவணை உண்டு என்பதையும் தண்ணீர்க் குழாய்க்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ரேபிஸ் வந்த எல்லா நாய்களும் பாய்ந்து கடிப்பதில்லை. ஊமை வகையில் கீழ்த்தாடை செயலிழந்து தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாமல் திணறும். அதைக் கொண்டுவருபவர், "டாக்டர், தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் எடுத்துவிடுங்க" என்றுதான் சொல்வார். வழியில் தானே கையை விட்டுத் தேடியும் பார்த்திருப்பார். அனுபவமில்லாத உதவியாளர் வாயைத் திறந்து பிடிப்பது அந்த நேரத்தில்தான். வாய் மூடாத நாய் என்றால் கையுறை அணிந்து, தள்ளி நின்று, மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை எவரும் வாய்க்குள் கைவிடக் கூடாது என்பதைச் சேர்ந்த நாளிலேயே சொல்லிக்கொடுங்கள். கொண்டுவந்தவர் வாய்க்குள் கைவிட்டாரா என்றும் கேளுங்கள். அவரையும் ஊசிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

படி 3: தடுப்பூசிப் பெட்டி

தடுப்பூசிகளைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். கெட்டுப்போவதற்கு வெயிலையும் மின்வெட்டையும் மட்டுமே காரணமாக நினைக்கிறோம்; உறைந்துபோவதும் அதே அளவு கேடு. முதல் ஆண்டின் கோடையில், குளிர் போதவில்லை என்று பயந்து பெட்டியின் குளிர்த் திருகியை முழுவதும் திருப்பி வைத்துவிட்டேன். மறுநாள் காலை, உறைபெட்டியை ஒட்டியிருந்த ரேபிஸ் தடுப்பூசிக் குப்பிகளைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளே திரவம் நகரவில்லை. கரைந்த பிறகு பார்வைக்கு அவை நல்ல குப்பிகளாகவே தெரிந்தன. ஆனால் உறைந்த ரேபிஸ் தடுப்பூசி வீரியம் இழந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். பார்க்காமல் போட்டிருந்தால், பாதுகாப்பு இருப்பதாக நம்பி எத்தனையோ குடும்பங்கள் வீடு திரும்பியிருக்கும்.

ஆகவே, குறைந்த அளவையும் கூடிய அளவையும் காட்டும் வெப்பமானி ஒன்றை நடுத்தட்டில் வையுங்கள். காலையிலும் மாலையிலும் ஒருவர் அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். கதவுத் தட்டில் குப்பிகளை வைக்காதீர்கள். அடித்தட்டில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி வைத்தால் மின்சாரம் போனாலும் குளிர் சற்று நேரம் தாங்கும். சாப்பாட்டு டப்பாவுக்கு வேறு பெட்டி வாங்குங்கள்.

படி 4: யாரை முதலில் உள்ளே விடுவது

வரிசை எண் கொடுப்பவர்தான் பல நேரங்களில் உயிரைக் காப்பாற்றுகிறார். வாயைத் திறந்து மூச்சுவாங்கும் பூனை, வயிறு உப்பி வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராத பெரிய நாய், நிற்காத வலிப்பு, பாம்புக்கடி ஆகியவற்றுக்கு வரிசை கிடையாது. இவற்றோடு ஆண் பூனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ரெண்டு நாளா மலச்சிக்கல், முக்கிட்டே இருக்கு" என்று சொல்லிக் கொண்டுவரும் ஆண் பூனைக்குப் பெரும்பாலும் சிறுநீர்தான் அடைத்திருக்கும். ஓரிரு நாளில் அது இறந்துவிடக்கூடும். "சிறுநீர் கழிக்கிறதா?" என்ற ஒரு கேள்வியை முன்மேசையில் இருப்பவர் கேட்கப் பழகினால் போதும். வீட்டில் ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதட்டும். ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும், கொடுத்தவருக்கு அது தெரியாது.

எடை பார்க்காமல் எந்த விலங்கும் உள்ளே வரக் கூடாது. கண்மதிப்பில் மருந்தளவு போடும் பழக்கம் குட்டிகளிடம் மிக ஆபத்தானது.

படி 5: பார்வோவுக்குத் தனி இடம்

பார்வோ என்பது நாய்க்குட்டிகளிடம் வேகமாகப் பரவும் வைரஸ் நோய். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரும் குட்டியைத் தடுப்பூசிக்கு வந்த குட்டிகளின் நடுவே உட்கார வைத்தால், நோயை நாமே பரப்புகிறோம். அப்படிப்பட்ட குட்டியோடு வருபவர் வண்டியிலேயோ வெளித் திண்ணையிலேயோ காத்திருக்க, நாம் அங்கே போக வேண்டும். நம் ஊர்க் கிளினிக்குகளில் எதற்கும் பினாயில்தான் ஊற்றுகிறோம். பார்வோ வைரஸை அதை நம்பி ஒழிக்க முடியாது, பூனைகளுக்கோ அதுவே நஞ்சு. முதலில் சோப்புப் போட்டு அழுக்கை முழுவதும் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது.

படி 6: பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுங்கள்

பார்வோ குட்டிக்குப் பல நாட்கள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும், ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும் என்பதையும், அத்தனையும் செய்த பிறகும் குட்டி பிழைக்காமல் போகலாம் என்பதையும் முதல் ஊசிக்கு முன்பே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் மூன்றாம் நாள் கட்டணத்தைக் கேட்டு அதிர்ந்து நிற்பது அவருடைய தவறு ஆகாது; நாம் சொல்லாமல் விட்டதன் விளைவு. அவரால் முடியாது என்றால் குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்பதையும், அரசுக் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இதைச் சொல்வதால் நம் மதிப்பு குறைந்து நான் பார்த்ததில்லை.

படி 7: இறப்புக்குப் பிறகு

கருணைக் கொலை செய்யும் நாளில் ஒப்புதல் படிவத்தையும் கட்டணத்தையும் ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் சில்லறை எண்ணிக் கொடுக்கும் நிலைமை எவருக்கும் வேண்டாம். நாயைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளரை அடுத்த விலங்குக்கு உடனே கூப்பிடாதீர்கள். பல ஆண்டுகளாக அந்த நாய்க்கு ஊசி போடும்போதெல்லாம் பிடித்தவர் அவராகவே இருக்கலாம். பத்து நிமிடம் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் பதிவேட்டைத் திறந்து, தடுப்பூசி நினைவூட்டல் பட்டியலிலிருந்து அந்த நாயின் பெயரை உங்கள் கையாலேயே நீக்கிவிடுங்கள். அடுத்த மாதம் "மணிக்கு ஊசி போட வேண்டிய நாள்" என்று அந்த வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகக் கூடாது.