குடியை விட்டவருக்குள் பேசும் குரலைக் கண்டுபிடிப்பது எப்படி

கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இப்போதுதான் விட்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தினமும் குடித்தவர்கள் தாங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, புத்தி பேதலிப்பு வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்துங்கள். நான் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

மறுபடி குடிக்க இழுக்கும் குரல் என்றால் யாரோ காதில் பேசுவது போல இருக்காது. நம் குரலிலேயே, 'நான்' என்றுதான் பேசும். அதனால்தான் ஏமாறுகிறோம். ஒரு கார்த்திகைக்கு மாலை போட்டு 48 நாள் சொட்டுகூடத் தொடவில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே அது ஆரம்பித்தது: "48 நாள் இருந்துட்டேன், நானா குடிகாரன்? ஒரு குவார்ட்டர்தானே." அன்று இரவு வீடு போய்ச் சேரவில்லை. விடிந்ததும் வேறு பேச்சு: "நானெல்லாம் எதுக்கும் லாயக்கில்ல, இனி விட்டு என்ன ஆகப்போகுது." முந்தினது என்னைத் தூக்கிவைத்துப் பேசியது, இது காறித் துப்பியது. இரண்டும் கூட்டிப்போனது ஒரே கடைக்கு.

தன்னைத் திட்டிக்கொள்வதைப் பணிவு என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். இல்லை, அதுவும் அகந்தைதான். 'ஊரில் எல்லோருக்கும் பலிக்கிற மருந்து எனக்கு மட்டும் பலிக்காது' என்பதும் நான் தனிப்பிறவி என்பதுதானே? குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பை 1935-ல் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவருக்கு மருத்துவம் பார்த்த மனநல மருத்துவர் ஹாரி டீபோ, இந்த அகந்தைக்கு அவசரத்தையும் ஓர் அடையாளமாகச் சொன்னார். எனக்கு அது அப்படியே பொருந்தியது. "இப்பவே" என்று உள்ளே ஏதாவது நச்சரித்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, என்ன செய்வது? சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். குரல் வந்ததும் நேரத்தைப் போட்டு, அது சொன்னதை அப்படியே எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டாம். வாதாடினால் அது ஜெயித்துவிடும், நம் வாதமெல்லாம் அதற்கு அத்துப்படி. அப்புறம் 'நான்' வரும் இடத்தில் 'அது' போட்டு வாசியுங்கள். பசியா, கோபமா, தனிமையா, அசதியா என்று பக்கத்தில் குறியுங்கள். என் நோட்டில் முக்கால்வாசி மாலை ஆறிலிருந்து ஏழுக்குள், பசி. ஐந்தரைக்கு ஒரு பன்னும் டீயும் சாப்பிட ஆரம்பித்த பிறகு பாதி வரிகள் வரவே இல்லை. மீதி வருவதும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது.

கடைசியாக, எழுதியதை ஒரு மனுஷருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். இதைத்தான் விட்டுவிடவே கூடாது. எனக்கு என் ஸ்பான்சர் அண்ணன் இருக்கிறார், அந்த அமைப்பில் எனக்கு முன்பே குடியை விட்டு எனக்கு வழிகாட்டுகிறவர். போன செவ்வாய்க்கிழமை போனில் வாசித்தேன்: "7.10. ஆறு வருஷம் ஆச்சு, இனி எனக்கு ஒண்ணும் ஆகாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

சாப்பிட்டிருக்கவில்லை.