இங்கிலீஷ் ஸ்டைல் தோட்டம்: கலரா இருக்கணும், கலவரமா இருக்கக் கூடாது

இங்கிலீஷ் காட்டேஜ் தோட்டம்னாலே பூ கொட்டிக் கிடக்கிறதுதான் கண்ணுல வரும், அதைப் பார்த்துட்டு நர்சரில கண்ணுல பட்டதெல்லாம் ஒண்ணு ஒண்ணா இருபது வகை வாங்கி நட்டா புள்ளி புள்ளியாத்தான் தெரியும், தோட்டமா தெரியாது. வகையைக் குறைங்க, ஒவ்வொண்ணுலயும் 3, 5, 7ன்னு கூட்டமா நடுங்க, அதே கூட்டம் கொஞ்ச தூரம் தள்ளி மறுபடியும் வரட்டும். என்னைக் கேட்டா பாதி வேலை இதுலயே முடிஞ்சிடும்.

கலரை அடுக்குறதுக்கு இங்கிலாந்து தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) செஞ்சதுதான் இன்னிக்கும் நல்ல பாடம். அந்த அம்மா ஓவியம் படிச்சவங்க. இங்கிலாந்துல சர்ரே பகுதில மன்ஸ்டெட் வுட்ங்கிற தன்னோட வீட்டுல 200 அடி நீளத்துக்கு ஒரு பூப்பாத்தி வச்சிருந்தாங்க, ரெண்டு முனையிலயும் நீலம், வெள்ளை, சாம்பல் இலைன்னு குளிர்ச்சியா ஆரம்பிச்சு மெல்ல மஞ்சள், ஆரஞ்சு, நடுவுல நெருப்பு மாதிரி சிவப்புன்னு கொண்டு போனாங்க. நம்ம பாத்தி பத்தடிதான்னாலும் இதே வரிசை எடுபடும், சாம்பல் இலைக்கு லாவெண்டரும் கேட்மின்ட்டும் போதும்.

உயரமான டெல்ஃபினியம், ஹாலிஹாக் பின்னாடி, குட்டையா படர்றது பாதை ஓரத்துல, அவ்வளவுதான். ஆனா பூ ஒரே மாசத்துல முடிஞ்சிடாம பார்த்துக்கணும், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க (நான் சொல்ற மாசமெல்லாம் இங்கிலாந்து சீசனுக்கு). ஏப்ரல் மே துலிப், அடுத்து அல்லியம், ஜூன்ல ரோஜாவும் டெல்ஃபினியமும், ஜூலை ஆகஸ்ட்ல ஃப்ளாக்ஸ், ஹெலீனியம், அப்புறம் ஆஸ்டர், டாலியா, டாலியா உறைபனி விழுற வரைக்கும் பூக்கும். துலிப் கிழங்கை முந்தின நவம்பர்லயே கிழங்கோட உயரத்துக்கு மூணு மடங்கு ஆழத்துல புதைச்சிடணும்.

பராமரிப்புல நான் விடாம செய்யச் சொல்றது வாடின பூவைக் கிள்ளுறது, கிள்ளலைன்னா செடி விதை கட்டப் போயிடும், புதுப் பூ குறைஞ்சிடும். மே கடைசில ஃப்ளாக்ஸ், ஹெலீனியத்தை உயரத்துல மூணுல ஒரு பங்கு குறையுற மாதிரி வெட்டி விடுங்க, லண்டன்ல நடக்கிற செல்சி பூக்கண்காட்சி சமயத்துல செய்றதால இதுக்கு செல்சி சாப் (சாப்னா வெட்டுறது)னே பேரு. பாதித் தண்டை மட்டும் வெட்டினா வெட்டாதது முன்னாடியும் வெட்டினது சில வாரம் கழிச்சும் பூக்கும், ஒரே செடில ரெண்டு சீசன் மாதிரி. லாவெண்டரைப் பூ முடிஞ்சதும் கவாத்து பண்ணுங்க, பச்சை இலை இல்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டிடாதீங்க, அது திரும்பத் துளிர்க்கிறது கஷ்டம். ரோஜாவுக்குக் குளிர்காலம் முடியுற சமயம் சரி. வசந்தத்துல மண்ணு ஈரமா இருக்கும்போதே மக்கின உரத்தை 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு போட்டுடுங்க, தண்டை ஒட்டிப் போடாம கொஞ்சம் தள்ளி. டெல்ஃபினியம் துளிருன்னா நத்தைக்கு விருந்து, ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பொறுக்கிடணும், வளர வளர குச்சி கட்டணும்.

ஃபாக்ஸ்குளவ்ங்கிற பூச்செடி முதல் வருஷம் வெறும் இலைதான், ரெண்டாவது வருஷம்தான் பூக்கும், பூக்கலையேன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க. முழுச் செடியும் விஷம், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல வேண்டாம். மத்தபடி விதையை அதுவே கொட்டிக்கும், அடுத்த வருஷம் நீங்க நினைச்சே பார்க்காத மூலையில முளைச்சு நிக்கும், வழியை மறிக்கலைன்னா அங்கேயே விட்டுடுங்க.