சீனச் செவ்விலக்கியத்தில் அறிஞரைப் போற்றும் தொடர்கள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சீனச் செவ்விலக்கியத்தில் அறிஞரைப் போற்றும் தொடர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு எழுத்துகளே கொண்டவை. ஆயினும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழங்கதை இருக்கிறது. பொருளை மட்டும் மனப்பாடம் செய்பவர் தவறான இடத்தில் அவற்றை எழுதிவிடுவார்.

முதலில், தொடரை எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள். 'தாய்தோ' என்பதில் 'தாய்' ஷான்தோங் மாநிலத்துத் தாய் மலை. 'தோ' நாம் சப்தரிஷி மண்டலம் என்னும் ஏழு விண்மீன்கள். தாங் அரசமரபுக் கால எழுத்தாளர் ஹான் யூ (768–824) மறைந்த பின்னர் கற்றோர் அவரை அம்மலையையும் அவ்விண்மீன்களையும் போல அண்ணாந்து நோக்கினர் என்று, 1060-இல் நிறைவுற்ற அம்மரபின் வரலாற்று நூலான 'புதிய தாங் வரலாறு' சொல்கிறது. ஆகவே, துறை முழுவதும் தலைவணங்கும் மூத்தவருக்கே இது தகும். இளம் ஆய்வாளருக்குத் தகாது.

அதே 'தோ', 'ட்சாய் காவ் பா தோ', அதாவது 'எட்டுத் தோ அளவு உயர்ந்த திறமை' என்னும் தொடரில் தானியம் அளக்கும் அளவையாகிறது. பத்துத் தோ சேர்ந்தது ஒரு 'தான்'. உலகின் திறமையெல்லாம் ஒரு தான் என்றால், அதில் எட்டுத் தோ கவிஞர் ட்சாவ் ஜியுடையது, ஒன்று தன்னுடையது, எஞ்சிய ஒன்றே மற்ற அனைவருக்கும் என்று பிற்காலக் கவிஞர் சியே லிங்யுன் (385–433) கூறியதாக வழங்குகிறது. இது படைப்பாற்றலுக்கான புகழ்ச்சி; நூலறிவுக்கு இதை எழுதாதீர்கள்.

நூலறிவுக்கு உரியது 'சுவே ஃபூ வூ ச்சே', அதாவது ஐந்து வண்டி கொள்ளும் கல்விச் செல்வம். இங்கேதான் இரண்டாம் படி தேவைப்படுகிறது: மூலத்தில் அடுத்த வரியையும் படியுங்கள். தத்துவஞானி ஹுய் ஷியின் நூல்கள் ஐந்து வண்டிகள் நிறையும் என்னும் 'சுவாங்சி' என்ற பழந்தாவோயிய நூல், அவர் நெறி முரண்பட்டது, பேச்சு இலக்குத் தவறியது என்று உடனே தொடர்கிறது. கட்டைவிரலைக் குறித்து, பின்னர் துறையின் தலைசிறந்தவரைச் சுட்டும் 'ஜூபோ' என்ற சொல்லும் அப்படியே: கன்பூசிய அறிஞர் மென்சியஸ், சீ நாட்டு அறிஞர் சென் ஜோங்சியைக் கட்டைவிரல் என்று உயர்த்திய கையோடு, அவருடைய தூய்மையை மறுத்தார். இன்றைய வழக்கில் இரண்டும் முழுப் புகழ்ச்சியே. எனினும், மூலத்தை அறிந்தவர் படிக்கும் பாராட்டுரையில் நான் 'தாய்தோ'வையே விரும்புவேன்.

மூன்றாவதாக, எதைப் போற்றுகிறீர்கள் என்று தெளியுங்கள். பல மாணவரை உருவாக்கிய ஆசிரியருக்கு, பீச்சும் பிளம்மும் உலகெங்கும் நிறைந்தன என்னும் பொருளுடைய 'தாவ் லீ மான் தியென் ஷியா' மிகப் பொருத்தம்; அம்மரங்கள் அவருடைய மாணவர்கள்.

இவற்றுள் எதையும் தம்மைக் குறித்து எழுதக் கூடாது. தம்மைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ட்சாய் ஷூ சுவே சியென்', அதாவது 'திறமை குறைவு, கல்வி ஆழமற்றது' என்று எழுதுவதே மரபு.