21 வருஷம் முடங்கிடுமே!

எனக்கு மயிலாப்பூர்; மாதச் சம்பளக் குடும்பம். அம்மா அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் ஐநூறு ரூபாய்த் தாளை மடித்து வைப்பார். கணவர் காரைக்குடி வியாபாரக் குடும்பம். பணம் புரள வேண்டும் அவருக்கு. மகளுக்குச் செல்வமகள் கணக்கு (பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்புத் திட்டம்) தொடங்கலாம் என்றேன். "21 வருஷம் முடங்கிடுமே!" என்றார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொம்ப வலித்தது.

ஒரு ஞாயிறு, 40 பக்க நோட்டில் அவரவர் பயத்தை எழுதினோம். "அப்பா கடையை மூடினப்ப கையில முதல் இல்ல" என்று எழுதியிருந்தார். அதுவரை எனக்குத் தெரியாது.

கட்டுவது 15 வருஷம்தான், 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம் என்றதும் இறங்கி வந்தார். இப்போது ஒன்றாம் தேதி மகள் கணக்குக்கு 5,000. அடுத்து அவசரச் செலவுக்கு. மிச்சம் அவர் தொழிலுக்கு. அதில் நான் கணக்குக் கேட்பதில்லை.