ஒரு பிடி விதைநெல்ல வச்சு மூணு பாடம்: ஒளிச்சேர்க்கை, செரிமானம், செல் சுவாசம் படிக்கிறது எப்படி

நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. சாயங்காலம் திண்ணையில பசங்களுக்கு அறிவியல் டியூசன் எடுக்கறேன். புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட மொத நாளு ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். கொள்முதல் நிலையத்துல தச்சு அடுக்கி வச்சிருக்க 40 கிலோ நெல் சிப்பம் இருக்குல்ல, அந்த 40 கிலோ எங்கேர்ந்து வந்துச்சு? பாதி பேரு மண்ணுலேர்ந்துன்னுவாங்க, மீதி பேரு யூரியா, டிஏபின்னுவாங்க, ஒண்ணு ரெண்டு மேட்டூர் தண்ணின்னு சொல்லும். காத்துலேர்ந்துன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒளிச்சேர்க்கை சமன்பாட்ட ஒப்பிக்கிற பிள்ளைகூட சொன்னதில்ல.

பிள்ளைங்கள குத்தம் சொல்ல முடியாது. சமச்சீர் புத்தகத்துல செரிமானம் 9ஆம் வகுப்புல வருது, ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் 10ல வருது, நடுவுல ஒரு முழு ஆண்டு லீவு வேற, அப்பறம் எப்படி மூணும் ஒண்ணோட ஒண்ணு சேரும். ஆனா நடக்கறது என்னமோ ஒரே பொருளோட பயணம்தான். பயிர் காத்தையும் தண்ணியையும் சேத்து ஸ்டார்ச் (மாவுச்சத்து) கட்டுது, நம்ம குடல் அத உடைச்சு குளுக்கோஸ் ஆக்குது, செல் அந்த குளுக்கோஸ இன்னும் உடைச்சு மறுபடி காத்தும் தண்ணியுமா விட்டுடுது. அதனால நான் சொல்ற முறையில பாடத்த வரிசையா படிக்க மாட்டோம், நெல்லு பின்னாடியே போவோம்.

வேணுங்கற சாமான்

விதைநெல் ரெண்டு மூணு பிடி (அவிச்ச நெல் முளைக்காது), ஆறுன வடிகஞ்சி, மெடிக்கல்ல கிடைக்கிற அயோடின், வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு, கொஞ்சம் வினிகர், ஸ்ட்ரா, பழைய கண்ணாடி டம்ளர் மூணு நாலு. டம்ளர் பழசுதான் எடுக்கணும், அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க. காயத்துக்குப் போடுற போவிடோன் அயோடின் இருந்தாலும் போதும், தண்ணி கலந்து டீ டிகாசன் நிறத்துக்கு வச்சுக்கங்க.

மொத வேலை: ஒரு தாள்ல மூணு கட்டம்

வெள்ளத்தாள அகலவாக்குல வச்சு மூணு கட்டம் போடுங்க. இலை, குடல், செல். ஒவ்வொண்ணுக்கும் மூணே கேள்வி: எந்த இடத்துல நடக்குது, உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருது. இப்போதைக்கு காலியா விடுங்க, புத்தகத்தப் பாத்து ரொப்பாதீங்க, ஒவ்வொரு சோதனை முடிஞ்சதும் ரொப்பிக்கலாம்.

அதுக்கு முன்னாடி அந்த சிப்பக் கணக்க முடிச்சிடுவோம். குளுக்கோஸ் மூலக்கூறு எடை 180. அதுல கார்பன் 72, ஆக்சிஜன் 96, ஹைட்ரஜன் 12. கார்பனும் ஆக்சிஜனும் செடிக்கு கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து கிடைக்குது, ஹைட்ரஜன் மட்டும்தான் தண்ணிலேர்ந்து. 72ஐயும் 96ஐயும் கூட்டிப் பாருங்க, 180ல 168 காத்து! அரிசில பெரும்பகுதி ஸ்டார்ச், ஸ்டார்ச்சுங்கறது குளுக்கோஸ் கோத்த மாலை. உரமும் மண்ணும் இல்லாம பயிர் வராது, அது வேற விசயம், ஆனா சிப்பத்தோட எடைல அதுங்க பங்கு ரொம்ப கம்மி.

ரெண்டாவது: இலை

ஸ்டார்ச் சோதனை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஸ்டார்ச் இருந்தா அயோடின் நீலமாக்கிக் காட்டும். செம்பருத்தி இலையில பாதிய கருப்புத்தாள் போட்டு மூடி ஒரு நாள் ரெண்டு நாள் விட்டு, நல்ல வெயில் அடிச்ச மத்தியானம் பறிச்சு, வெந்நீர்ல போட்டு, அப்பறம் ஸ்பிரிட்ல பச்சையத்த எடுத்து, கழுவி அயோடின் விட்டா வெயில் பட்ட பக்கம் மட்டும் நீலக்கருப்பாகும். ஸ்பிரிட் சூடு பண்றத மட்டும் வீட்டுல பண்ணாதீங்க, குபீர்னு புடிச்சுக்கும். பள்ளிக்கூட லேப்ல, சார் இல்ல டீச்சர் பக்கத்துல இருக்கறப்ப, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வச்சு பண்ணணும், நேரா நெருப்புல வைக்கக் கூடாது.

நான் படிக்கறப்ப டெல்டாக்காரின்னு காட்டிக்கறதுக்காக செம்பருத்திய விட்டுட்டு நெல் இலைய எடுத்துட்டு போனேன், நீலம் சரியாவே வரல, எல்லாரும் சிரிச்சாங்க. காரணம் ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. நெல்லு இலையில ஸ்டார்ச்ச அதிகம் சேத்து வைக்காது, சுக்ரோஸ் சர்க்கரையா மாத்தி தண்டு வழியா அனுப்பிடும். கதிர் வந்தப்பறம் அது நேரா மணிக்குப் போகும். பால் புடிச்ச கதிர்ல ஒரு மணிய நகத்தால கிள்ளிப் பாருங்க, வெள்ளையா பால் மாதிரி வரும், அதுல அயோடின் விட்டா பட்டுனு நீலம். இலை கட்டுன சர்க்கரை அங்க போயி ஸ்டார்ச்சா உக்காந்துகிட்டு இருக்கு.

இப்ப கட்டத்த ரொப்புங்க. இடம் பசுங்கணிகம், இலைச் செல்லுக்குள்ள பச்சையம் இருக்க குட்டிப் பை. அதுக்குள்ள கிரானாவுல (தட்டு தட்டா அடுக்குன சவ்வு) வெளிச்சம் வேணுங்கற வினை, தண்ணி உடைஞ்சு ஆக்சிஜன் வெளிய போகும், கூடவே சக்திய சுமக்கற ஏடிபி, என்ஏடிபிஎச்ங்கற ரெண்டு மூலக்கூறும் தயாராகும். ஸ்ட்ரோமாவுல (கிரானாவச் சுத்தி இருக்க திரவம்) கால்வின் சுழற்சி, அந்த ரெண்டையும் செலவு பண்ணி கார்பன் டை ஆக்சைட சர்க்கரை ஆக்கும், கால்வினுக்கு 1961ல நோபல் குடுத்தது இதுக்குத்தான். இந்த கால்வின் சுழற்சிக்கு இருள் வினைன்னு பேரு வச்சதால ராத்திரி நடக்கும்னு எழுதிடுறாங்க. பகல்லதான் நடக்கும், வெளிச்சம் நேரடியா தேவையில்லங்கறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம்.

செடி விடுற ஆக்சிஜன் தண்ணிலேர்ந்து வருது, கார்பன் டை ஆக்சைடுலேர்ந்து இல்ல. ரூபன், கேமன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1941ல எடை கூடுன ஆக்சிஜன்-18 வச்சு இதக் காட்டுனாங்க. தாள்ல இந்த இடத்துல சிவப்பு பேனாவுல ஒரு சுழி போட்டு வைங்க, கடைசில தேவைப்படும்.

மூணாவது: கஞ்சியும் எச்சியும்

இதுதான் பசங்களுக்கு ரொம்பப் புடிச்சது, துப்பலாம்ல.

வடிகஞ்சிய நெறைய தண்ணி விட்டு நீத்துக்கங்க, நல்லா ஆறியிருக்கணும். மூணு டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சம் ஊத்துங்க. மொத டம்ளர் சும்மா. ரெண்டாவதுல ஒரு ஸ்பூன் எச்சி. மூணாவதுல மொதல்ல ஒரு ஸ்பூன் வினிகர், அப்பறம் எச்சி. ஒரு வெள்ளத் தட்டுல அயோடின் சொட்டு வரிசையா வச்சுக்கிட்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் ஒவ்வொரு டம்ளர்லேர்ந்தும் ஒரு சொட்டு எடுத்து அதுல விடுங்க. மொத டம்ளர் எப்பவும் நீலம். ரெண்டாவதுல நீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசில அயோடின் நிறமே நின்னுடும், அதாவது ஸ்டார்ச் தீந்துடுச்சு. மூணாவதுல நீலம் நீலமாவே இருக்கும்.

ரெண்டு தப்பு எங்க திண்ணையில நடந்தத சொல்றேன். ஒரு பையன் கொதிக்கிற கஞ்சில துப்பிட்டான், எச்சில ஸ்டார்ச்ச உடைக்கிற அமைலேஸ்ங்கற நொதி (வினைய வேகப்படுத்துற புரதம்) வெந்து போயிடுச்சு, ஒரு மணி நேரம் உக்காந்தும் நீலம் மாறல. இன்னொரு நாள் வினிகர் இல்லன்னு எலுமிச்சம்பழம் புழிஞ்சோம், அயோடின்ல விட்ட ஒடனே கலர் மாயமாப் போச்சு, அமிலம் பட்டா அமைலேஸ் இன்னும் வேகமா வேலை செய்யும்னு ஒரு பொண்ணு நோட்டுல எழுதவே ஆரம்பிச்சிட்டா. அது வைட்டமின் சி பண்ற வேலை, அயோடின் நிறத்தையே அது அழிச்சிடும், ஸ்டார்ச் அங்கதான் இருக்கும். அதனால எலுமிச்சை வேணவே வேணாம்.

மூணாவது டம்ளர்தான் உங்க இரைப்பை. வாயில அமைலேஸ் ஸ்டார்ச்ச மால்டோஸா (ரெண்டு குளுக்கோஸ் சேந்த சர்க்கரை) உடைக்க ஆரம்பிக்கும், சோறு இரைப்பைக்குப் போயி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட கலந்ததும் அந்த வேலை நின்னுடும். அங்க பெப்சின் வந்து கறி, முட்டை, பருப்புல இருக்க புரதத்த மட்டும் கவனிக்கும். சோத்துக்கு மிச்ச வேலையெல்லாம் சிறுகுடல்லதான். சுமார் 6 மீட்டர் நீளம், கணையத்துலேர்ந்து வர்ற அமைலேஸ் பாக்கி ஸ்டார்ச்ச முடிக்கும், குடல் சுவர்ல இருக்க மால்டேஸ் மால்டோஸ குளுக்கோஸ் ஆக்கும், குடலுறிஞ்சி (குடல் சுவர்ல விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறது) வழியா ரத்தத்துக்குப் போயி மொதல்ல கல்லீரலுக்குப் போகும். பித்தநீர்ல செரிமான நொதி கிடையாது, கொழுப்ப சின்னச் சின்ன துளியா பிரிச்சு விடுறதோட அது வேலை முடிஞ்சுது, இத தேர்வுல தப்பா எழுதி மார்க்க விடாதீங்க.

இதுல உடம்புக்கு சக்தி இன்னும் கிடைக்கல. சாமான் பொடியாகி உள்ள போயிருக்கு, அவ்வளவுதான்.

நாலாவது: சாக்குக்குள்ள கைய விடுங்க

குறுவைக்கு நாத்து விட நெல்ல ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணிய வடிச்சு, ஈரச்சாக்குல கட்டி வைக்கோல் போட்டு மூடி வைப்பாங்கல்ல, மறுநாள் காலைல அந்த சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு, சில சமயம் சுடவே செய்யும். எங்கப்பா கைய விட்டுப் பாத்துட்டு "சூடு ஏறிடுச்சும்மா, ஒரு செம்பு தண்ணி தெளி"ன்னுவாரு, விட்டா முளை வெந்து போயிடும்னு அவருக்கு பயம். அடுப்பு இல்ல, வெயில் இல்ல, அந்த சூடுதான் செல் சுவாசம். குளுக்கோஸ்லேர்ந்து வர்ற சக்தில ஒரு பங்குதான் ஏடிபிக்குப் போகும், மிச்சம் வெப்பமாத்தான் போகும்.

கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கான்னு மெசின வச்சுப் பாத்து சண்டை நடக்குதே, அதுக்குப் பின்னாடியும் இதே கதைதான். ஈர நெல் வேகமா சுவாசிக்கும், சூடாகும், பூஞ்சை புடிக்கும். அடைமழைல களத்துல தவிச்சுக்கிட்டு நிக்கிற ஆளுகிட்ட இந்த விளக்கத்த சொன்னா அடிக்க வருவாங்க, அதுவும் நியாயம்தான்.

சோதனை: சுண்ணாம்ப தண்ணில கரைச்சு ராத்திரி முழுக்க தெளிய விட்டு மேல் தெளிவ மட்டும் எடுங்க. ஒரு டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி ஸ்ட்ராவால ஊதுனா, மூச்சுல இருக்க கார்பன் டை ஆக்சைடு பட்டு பால் மாதிரி ஆகும் (உறிஞ்சிடாதீங்க, கண்ணுலயும் படாம பாத்துக்கங்க). ரொம்ப நேரம் ஊதுனா மறுபடி தெளிஞ்சிடும், பயந்துடாதீங்க, பைகார்பனேட் ஆயிடுச்சுன்னு அர்த்தம். இப்ப ஒரு வாயகன்ற ஜாடில முளைகட்டுன நெல்ல போட்டு, நடுவுல ஒரு பாட்டில் மூடில அந்த சுண்ணாம்புத் தெளிநீர் வச்சு இறுக்கி மூடி மறுநாள் பாருங்க, ஊதாமலேயே வெள்ளையா ஏடு படிஞ்சிருக்கும், நெல்லு விட்ட கார்பன் டை ஆக்சைடு பண்ண வேலை அது. பக்கத்துல வேகவச்ச நெல்லு போட்டு இன்னொரு ஜாடி வச்சா ஒப்பிட்டுக்கலாம்.

மூணாவது கட்டம்: செல்லோட சைட்டோபிளாசத்துல கிளைக்காலிசிஸ் (குளுக்கோஸ உடைக்கிற மொதப் படி), ஒரு குளுக்கோஸ் ரெண்டு பைருவேட் ஆகும், நிகரமா 2 ஏடிபி. அப்பறம் மைட்டோகாண்ட்ரியா (செல்லோட சக்தி நிலையம்) உள்ள கிரப்ஸ் சுழற்சி, கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும். அப்பறம் உள்சவ்வுல எலக்ட்ரான் கடத்தல், பெரும்பாலான ஏடிபி வர்றது இங்கதான். மொத்தம் 36 இல்ல 38ன்னு பழைய கணக்கு, இப்ப 30லேர்ந்து 32 வரைக்கும்னு சொல்றாங்க, தேர்வுல உங்க புத்தகத்துல என்ன இருக்கோ அதையே எழுதுங்க.

நாம இழுக்கற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடா மாறி வெளிய வருதுன்னுதான் முக்காவாசி பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இல்ல. அது கடைசில எலக்ட்ரான வாங்கிக்கிட்டு தண்ணியா மாறுது. இப்ப அந்த சிவப்பு சுழிய பாருங்க, இலையில தண்ணி உடைஞ்சு ஆக்சிஜன் ஆச்சு, இங்க அதே ஆக்சிஜன் தண்ணி ஆகுது. ரெண்டையும் ஒரு கோடு போட்டு இணைங்க.

ஆக்சிஜன் இல்லன்னா 2 ஏடிபியோட நின்னுடும். சம்பா பயிர் மழைல முழுகுறப்ப இதுதான் நடக்குது, கம்மி சக்திக்கு நெறைய சர்க்கரைய செலவழிச்சு ஓஞ்சு போயிடும். சி.ஆர். 1009 சப்-1 ரகம் முழுகுனதும் வளர்ச்சிய நிறுத்தி சர்க்கரைய மிச்சம் புடிக்கும், அதான் சுமார் 2 வாரம் வரைக்கும் தாக்குப் புடிக்குது.

பகல்ல ஒளிச்சேர்க்கை, ராத்திரி சுவாசம்னு எழுதுறதையும் இதோட விட்டுடுங்க. செடி 24 மணி நேரமும் சுவாசிக்கும். சாக்குக்குள்ள இருக்க நெல்லுக்கு பகலாவது ராத்திரியாவது.

அஞ்சாவது: ஒரே நெல்லுல பாருங்க

இருட்டு சாக்குல முளைக்கிற விதைக்கு குளுக்கோஸ் யாரு குடுத்தா? அதுவே அமைலேஸ் தயார் பண்ணி தன் அரிசிய தானே உடைச்சுக்குது, நம்ம எச்சி பண்ற அதே வேலை, வயிறுதான் இல்ல. முளைவிட்ட நெல்ல உமி நீக்கி மென்னா லேசா இனிக்கும், ஆனா கடையில வாங்குன விதைல மருந்து கலந்திருக்கும், அத வாயில வச்சிடாதீங்க.

இப்ப 100 கிராம் காஞ்ச நெல்ல நிறுத்து, முளைகட்டி, ஒரு வாரம் இருட்டறைல தண்ணி தெளிச்சு வளத்து, அப்பறம் வேரு முளை ஒண்ணு விடாம வெயில்ல சருகாக் காயவச்சு மறுபடி நிறுத்துப் பாருங்க. எடை குறைஞ்சிருக்கும். குறைஞ்சது எங்க போச்சுன்னு தாளோட பின்பக்கம் எழுதுங்க, சிப்பக் கேள்விக்கு எழுதுன பதிலையும் பக்கத்துல வச்சுக்கங்க. சரியா காயலன்னா ஈரம் சேந்து எடை கூடவே காட்டும், அதனால ரெண்டு மூணு வெயில் காட்டுங்க. எங்க வீட்டுல மொத தடவ எடை ஏகத்துக்கும் குறைஞ்சுது, பசங்க சுவாசம் சுவாசம்னு குதிச்சாங்க, அப்பறம் பாத்தா பரண் மேலேர்ந்து எலி எறங்கியிருக்கு. மேல கம்பிவலை போட்டு மூடி வைங்க.