அட்டை இருக்கிறது, உதவித்தொகை வரவில்லை: மாற்றுத்திறனாளி குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் என எந்தக் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அட்டை வாங்கி மூணு வருசமாச்சுங்க, பணம் ஒண்ணும் வரலீங்க." விசாரித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பணத்துக்கென்று தனியாக யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. அடையாள அட்டை குறைபாட்டின் அளவைச் சொல்லும் சான்று, அவ்வளவுதான். உதவித்தொகை ஒரு மேசை, ரயில் சலுகை வேறொரு மேசை, பரீட்சைச் சலுகை பள்ளிக்கூடத்தில். ஒரு மேசையில் கொடுத்த தாள் இன்னொரு மேசைக்குத் தானாக நடந்து போகாது.

ஆனால் முதல் தவறு அட்டைக்கும் முன்பே நடந்துவிடுகிறது.

"அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்"

இந்த ஒரு வாக்கியத்தால் வீணாகும் மாதங்களுக்குக் கணக்கில்லை. 5 மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, 9 மாதத்தில் பிடித்து உட்கார வைத்தும் உட்காரவில்லை, ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வரவில்லை என்றால் யாருடைய அப்பன் எப்போது பேசினான் என்பது முக்கியமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். குழந்தைகள் நல மருத்துவர், இயன்முறை, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் சோதனை எல்லாம் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல்.

காது விஷயத்தில் தாமதம் இன்னும் கொடியது. பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் பயிற்சி என்பதுதான் உலகெங்கும் சொல்லும் கணக்கு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் (உள்காதில் கேட்புக் கருவி பொருத்தும்) அறுவை சிகிச்சை செய்துகொள்ள குழந்தைக்கு 6 வயதுக்குள் இருக்க வேண்டும். 'ஸ்கூல்ல சேர்த்தா சரியாயிடும்' என்று காத்திருப்பவர்கள் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள்.

சான்று வாங்கும் நாளில்

தேசிய தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனில் பதிகிறோம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தாலே சிக்கல். குழந்தைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வந்து நின்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய.

எந்தக் கிழமை எந்த மருத்துவர் உட்காருவார் என்பதை முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரருக்கு இது சின்ன விஷயம். தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஈரோடு வருகிறவருக்கோ, வால்பாறையிலிருந்து 40 வளைவு இறங்கி கோவை வருகிறவருக்கோ ஒரு நாள் கூலியும் வண்டி வாடகையும் போகிற விஷயம்.

பெரிய தவறு, ஒரே ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வருவது. கால் வராத பையனுக்குக் காதும் மந்தம் என்றால் எலும்பு மருத்துவர் காலைத்தான் எழுதுவார். காதையும் பார்க்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். இரண்டு குறைபாடு இருந்தால் சதவீதத்தை அப்படியே கூட்டுவதில்லை. பெரியதை 90-லிருந்து கழித்து, வந்ததைச் சிறியதால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரியதோடு சேர்ப்பார்கள். கால் 60, காது 50 என்றால்: 90 − 60 = 30; 30 × 50 ÷ 90 = 16.7, மொத்தம் 76.7. கால் மட்டும் பதிவானால் 60-தான். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கான 75 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை இந்த ஒரு கணக்கு முடிவு செய்துவிடும்.

அறிவுசார் குறைபாட்டுக்கு வேறு வழி. அங்கே பெற்றோரிடம் கேள்வி கேட்டும் மதிப்பெண் போடுவார்கள். "தானா சாப்பிடுவானா?" என்று கேட்டதும் அம்மாவுக்குப் பெருமை வந்துவிடுகிறது: "சாப்பிடுவானுங்க." உண்மையில் நடப்பது என்ன? அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய மசித்து, நெய் விட்டு, உருண்டை பிடித்துக் கையில் வைத்தால் வாய்க்குக் கொண்டு போவான். இதைத்தான் சொல்ல வேண்டும், இருக்கிறபடியே. சட்டை போடுவானா என்றால், போடுவான், பட்டன் யார் மாட்டுகிறார்கள்? பாத்ரூம் போவானா என்றால், போவான், கழுவி விடுவது யார்? கூட்டிச் சொல்லவும் வேண்டாம், சோதிப்பவர் பிள்ளையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் குறைபாடு 50 சதவீதம். 36 முதல் 54 என்றால் 75. 21 முதல் 35 என்றால் 90. ஒரு பொய்ப் பெருமை இரண்டு படிகளை மாற்றிவிடும்.

கற்றல் குறைபாடு சந்தேகம் என்றால் 8 வயதையொட்டி, மூன்றாம் வகுப்பு வாக்கில்தான் சோதனையும் சான்றும். யூகேஜி பிள்ளைக்குச் சான்று தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சான்றைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது இரண்டு: 'நிரந்தரம்' என்றிருக்கிறதா, 'தற்காலிகம்' என்றிருக்கிறதா, செல்லும் தேதி எது. அறிவுசார் குறைபாட்டில் 5, 10, 18 வயதுகளில் மறுமதிப்பீடு வரும். தேதி முடிந்த அட்டையால் வங்கியில் பணம் நின்றபிறகு ஓடுவதைவிட, மூன்று மாதம் முன்பே பதிவு போட்டுவிடலாம்.

1,500-ஆ, 2,000-ஆ?

வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ரூபாயானது. இதற்குத் தாலுகா ஆபீஸில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். 75 சதவீதமோ அதற்கு மேலோ கடும் பாதிப்பு, 40 சதவீதமோ அதற்கு மேலோ அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன், தொழுநோயிலிருந்து மீண்டவர்கள் ஆகியோருக்கு இது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 2,000-க்குத் தகுதி இருந்தும் யாரோ எழுதிக் கொடுத்த மனுவால் வருடக்கணக்காக 1,500-லேயே நிற்பவர்கள் உண்டு. அவர்கள் முதலில் நல அலுவலகத்தில் விசாரித்து, மாற்றிக்கொள்ளும் வழியைக் கேட்டுக்கொண்டு, பிறகு பழையதை நிறுத்த வேண்டும். முதலிலேயே நிறுத்திவிட்டால் இரண்டும் இல்லாமல் சில மாதம் போகும்.

பள்ளிக்கூடத்தில் மறைப்பது

சேர்க்கும்போது சொன்னால் இடம் தரமாட்டார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். விளைவு, பத்தாம் வகுப்பில் வந்து விழும். பொதுத்தேர்வில் கூடுதல் 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்தபிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். எழுதுபவரோடு பழக்கமும் வேண்டும்: சொல்லி எழுத வைப்பது தனித் திறமை, அரையாண்டுத் தேர்விலேயே ஒத்திகை பார்க்கவில்லையென்றால் கிடைத்த 1 மணி நேரமும் திணறலில் போய்விடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்தபிறகு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வருவார். இதற்கெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூருக்குக் குடிவந்த குடும்பங்கள் இதைத்தான் தவறவிடுகின்றன: பழைய ஊர் வள மையத்தில் உள்ள பதிவு, தாமாகச் சொல்லாதவரை புது ஊருக்கு வராது.

18 வயது முடிந்த மறுநாள்

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உண்டு. பிள்ளைக்கு 18 முடிந்ததும், பெற்றோராகவே இருந்தாலும் சட்டப்படி நீங்கள் இயல்பான பாதுகாவலர் இல்லை. வங்கியில் "பையன் கையெழுத்துப் போடட்டும்" என்று சொல்லும்போதுதான் பலருக்கு இது தெரிகிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். நல அலுவலகத்தில் கேட்டால் படிவம் கிடைக்கும்.

நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல், காடு தோட்டம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது, பங்குதாரர்களாக இருக்கும் பங்காளிகள் உட்கார்ந்து பேசி "அவனுக்கு வர்றதை அண்ணன் பாத்துக்கட்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். பத்திரப் பதிவில் இந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. பாதுகாவலராக ஆகிறவருக்கும் கடமை உண்டு: 6 மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்கும் கொடுக்க வேண்டும். 'பேர் மட்டும்தானே' என்று கையெழுத்துப் போடுகிற சித்தப்பாவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இலவசமாகக் கிடைத்த சக்கர நாற்காலி

முகாமில் கிடைத்தால் அளவு பார்க்காமல் வாங்கி வந்துவிடுகிறோம். சாதாரண நாற்காலியின் இருக்கை 18 அங்குல அகலம். 10 அங்குல இடுப்புள்ள பிள்ளை அதில் ஒரு பக்கம் சரிந்தே உட்காரும், சில வருடத்தில் முதுகெலும்பும் அப்படியே வளையும். சரியான அகலம், இடுப்பு அளவோடு இரு பக்கமும் 1 அங்குலம். இருக்கையின் ஆழம், முழங்கால் மடிப்புக்கு 2 அங்குலம் முன்னதாக முடிய வேண்டும். விண்ணப்பத்திலேயே இந்த அளவை எழுதிக் கொடுக்கலாம்.

நாற்காலி வந்தபிறகு சாய்தளம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. பழைய வீட்டுத் திண்ணை 2 அடி என்றால் 24 அடி வேண்டும், நடுவில் ஒரு சமதளத்தோடு. கொத்தனார் 4 அடியில் முடித்துத் தருவார், தள்ளும்போது நாற்காலி பின்னால் கவிழும். முன்வாசலில் இடமில்லையென்றால் புறக்கடையைப் பாருங்கள், அங்கே உயரம் பெரும்பாலும் குறைவு. வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், சிமெண்டைத் துடைப்பத்தால் கீறி விடச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னவை

சாதாரண நகரப் பேருந்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ளவருக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. ரயிலில் அடையாள அட்டையை மட்டும் நீட்டினால் சலுகை கிடைக்காது. ரயில்வேக்கென்று தனிப் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்திட்ட சலுகைச் சான்று வேண்டும். அதை வைத்து ஆன்லைனில் பதிந்து ரயில்வேயின் சொந்த அட்டையும் வாங்கலாம். நம் பகுதிக்குச் சேலம் கோட்டம். 'நிராமயா' மருத்துவக் காப்பீடு, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வரும் அந்த நான்கு குறைபாடுகளுக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் வரை, வெளிநோயாளியாகச் செய்யும் பயிற்சிகளுக்கும் கூட. மார்ச் 31-ல் முடியும், புதுப்பிக்க மறந்தால் அந்தக் காலத்து பில் எல்லாம் கைச்செலவு.

பார்த்துக்கொள்பவர்

உயர் ஆதரவு தேவைப்படுவோரை, அதாவது அன்றாடக் காரியங்களுக்கே பிறர் துணை அதிகம் வேண்டியவர்களை, பராமரிப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். அழுத்தி எடுத்தும் மறையாத சிவப்பு தெரிந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம், அந்தப் பக்கம் மறுபடி படுக்க வைக்கக் கூடாது. இதெல்லாம் ஒரே ஆளுக்கு, அதுவும் அம்மாவுக்கு மட்டும், தெரிந்திருப்பது பெரும் ஆபத்து. அவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் யாருக்கும் மாத்திரை அளவு தெரியாது.

ஒரு முழுத்தாள் எடுத்து எழுதுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு எவ்வளவு, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது (கழுத்து பின்னால் சாயக் கூடாது, முகவாய் சற்றுக் கீழே), வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, 5 நிமிடத்தைத் தாண்டினால் 108. அட்டையின் நகலோடு சேர்த்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, கீழே தேதி போடுங்கள். மாத்திரை அளவு மாறும் அன்றே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.