திருச்சி – சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, உண்மையில் எத்தனை மணி நேரம்?

திருச்சியிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,980 கி.மீ. சென்னையிலிருந்து 2,920, கோவையிலிருந்து 3,160. நேரடி விமானம் என்றால் நாலு, நாலரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

மணிக்கு 850 கி.மீ. என்று கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரம்தானே வருகிறது என்று தோன்றும். டிக்கெட்டில் போடுவது வெறும் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து சாங்கியில் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் சேரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசும். அதனால் வரும்போது கொஞ்சம் கூடலாம், ஊர் திரும்பும்போது கொஞ்சம் குறையலாம்.

பலரும் தடுமாறுவது கடிகாரத்தில்தான். புறப்படும் நேரம் இந்திய நேரம், இறங்கும் நேரம் சிங்கப்பூர் நேரம். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 10.30க்குக் கிளம்பி 4 மணி 10 நிமிடம் பறந்தால் ஊர்க் கணக்கில் 2.40, சாங்கியில் இறங்கும்போது அதிகாலை 5.10. அழைத்துப்போக வருபவரிடம் இந்த 5.10ஐத்தான் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போது தலைகீழ்: இரவு 7.00க்கு ஏறினால் திருச்சியில் 8.40க்கெல்லாம் இறங்கிவிடுவீர்கள்.

நள்ளிரவு தாண்டிய விமானங்களில் தேதியை இரண்டு முறை பாருங்கள். 15ஆம் தேதி 00.30 என்றால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் விமானமும் போயிருக்கும், பெரும்பாலும் பணமும் போயிருக்கும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் நாலு மணி நேரம் பத்தாகிவிடும். புதுக்கோட்டைக்காரர் ஒருவருக்கு: விமான நிலையம் வர ஒரு மணி, அங்கே மூன்று மணி, விமானம் நாலேகால், சாங்கியில் குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி, தங்குமிடம் போக இன்னொரு மணி. அன்றைக்கே வேலைக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சாங்கியில் குடிநுழைவுச் சோதனை முடிந்த பிறகுதான் பெட்டி கிடைக்கும். ஆகவே வேலை அனுமதிக்கான ஐபிஏ (முன் ஒப்புதல்) கடிதம் கைப்பையில் இருக்கட்டும்; பெட்டிக்குள் போட்டால் தேவைப்படும்போது எடுக்க முடியாது. சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான மின்படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் இணையதளத்திலோ மைஐசிஏ செயலியிலோ நிரப்புங்கள். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அதில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

கோலாலம்பூர் வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் விலை குறையலாம். ஆனால் பெட்டி நேராக வராது. மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

சாங்கியில் எம்ஆர்டி ரயில் நிலையம் 2, 3 டெர்மினல்களுக்கு அடியில் இருக்கிறது. லிட்டில் இந்தியா போக அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் லைனுக்கு மாறினால் போதும். நள்ளிரவிலிருந்து விடியும்வரை ரயில் கிடையாது. அந்த நேரத்தில் இறங்கினால் டாக்சிதான், நள்ளிரவு முதல் காலை ஆறு வரை கட்டணமும் கூடுதல்.